சூரியச் சுடர் வெடித்தால் பூமிக்கு என்ன ஆகும்?

கேள்வி இது: "சூரியனில் மிகப் பெரிய எக்ஸ் வகைச் சுடர் வெடித்திருக்கிறது, இன்னும் 2 நாளில் பூமியைத் தாக்கும், செல்போன், இணையம், மின்சாரம் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். எவ்வளவு உண்மை? உடம்புக்கு ஏதாவது ஆகுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பலருடைய பயம் அதில்தான் இருக்கிறது. தரையில் இருக்கும் யாருக்கும் சூரியச் சுடரால் உடம்புக்கு எதுவும் ஆகாது. சுடரிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களையும் கடும் புற ஊதாக் கதிர்களையும் வளிமண்டலத்தின் மேலடுக்குகளே உறிஞ்சிவிடுகின்றன. தரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குக் கீழே அவை அநேகமாக இறங்குவதே இல்லை. நமக்கு மேலே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டன் காற்று நிற்கிறது. எடைக் கணக்கில் அது 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். அன்றைக்கு வெயில் கூடுதலாகச் சுடும், வெளியே போகக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

சரி, அந்த "2 நாளில் தாக்கும்" என்ற பேச்சுக்கு வருவோம். குழப்பம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. சுடர் என்பது ஒளி. சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 8 நிமிடம் 20 வினாடி ஆகும். அதாவது சுடர் வெடித்ததை விண்கலம் பார்த்த அந்தக் கணமே அது பூமிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2 நாள் கழித்து வருவது வேறு ஒன்று. இரண்டுக்கும் நடுவே வந்து சேரும் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு பொருட்கள், வேகம் வேறு, பாதிப்பும் வேறு. செய்திகளில் மூன்றையும் "சூரியப் புயல்" என்று ஒரே பெயரில் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் சுடர் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். சூரியன் திடப் பொருள் அல்ல, மின்னூட்டம் பெற்ற வாயு. அதன் நடுப்பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, துருவப் பகுதிக்கு அதே சுற்றுக்கு 35 நாள் வரை ஆகிறது. இப்படி ஒரே உடல் வேறு வேறு வேகத்தில் சுழல்வதால் உள்ளே இருக்கும் காந்தப்புலக் கோடுகள் இழுபட்டு, சுருண்டு, சில இடங்களில் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. அந்த இடங்கள்தான் சூரியக் கரும்புள்ளிகள். பூமியின் காந்தப்புலம் தரையில் அரை காஸ் அளவுதான். பெரிய கரும்புள்ளியின் நடுவில் 3,000 காஸுக்கு மேல் இருக்கும். முறுக்கேறிக்கொண்டே போகும் கயிறு ஒரு கட்டத்தில் அறுவது போல, எதிரெதிர்த் திசையில் இருக்கும் காந்தக் கோடுகள் நெருங்கி, அறுந்து, புது வடிவில் இணைந்துகொள்கின்றன. காந்த மறு இணைப்பு என்று இதைச் சொல்வார்கள். அதுவரை முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் சில நிமிடங்களில் வெளியே கொட்டுகிறது. அந்த இடத்து வாயு 1 கோடி, 2 கோடி டிகிரிக்குச் சூடேறிவிடும். சூரியனின் மேற்பரப்பு வெறும் 5,500 டிகிரிதான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். மிகப் பெரிய சுடர் ஒன்றில் வெளியாகும் ஆற்றல், இன்றைய உலகம் ஓராண்டில் செலவிடும் மொத்த ஆற்றலைப் போல 10,000 மடங்குக்கும் மேல்.

அப்படியென்றால் நமக்கு ஏன் சுடவில்லை? ஏனென்றால் அது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி நடக்கிறது, எல்லாத் திசையிலும் சிதறுகிறது. சுடர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகைப்படுத்துகிறார்கள், ஒவ்வொன்றும் முந்தியதைப் போல 10 மடங்கு. பூமிக்கு அருகே இருக்கும் விண்கலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எக்ஸ் கதிர் விழுகிறது என்பதுதான் அளவு. எக்ஸ் 1 என்றால் ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணச் சூரிய ஒளியோ வளிமண்டலத்துக்கு வெளியே சதுர மீட்டருக்கு 1,361 வாட். எக்ஸ் 10 சுடர்கூட இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சிறு அளவு வருவது எக்ஸ் கதிராக என்பதால், வளிமண்டலத்தின் உச்சியில் அதன் வேலை பெரியது.

அந்த வேலைதான் முதல் பாதிப்பு. வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். பகல் பக்கத்தில் அதன் கீழடுக்கு திடீரென்று அடர்த்தியாகி, சிற்றலை வானொலியை விழுங்கிவிடும். சிற்றலை வழக்கமாக மேலடுக்கில் பட்டுத் திரும்பித்தான் தொலைதூரம் போகிறது. கீழடுக்கே அதை உறிஞ்சிவிட்டால் பெருங்கடல் மேல் பறக்கும் விமானத்துக்கும் கப்பலுக்கும் தொடர்பு அறுந்துபோகும். சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரம் வரை இது நீடிக்கும். இரவுப் பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. 2017 செப்டம்பர் 6 அன்று எக்ஸ் 9.3 சுடர் வெடித்தபோது, கரீபியன் தீவுகளை இர்மா சூறாவளி புரட்டிக்கொண்டிருந்தது. மீட்புப் பணிக்குச் சிற்றலையை நம்பியிருந்த நேரத்தில் அது அடங்கிப்போனது. பாதிப்பு எவ்வளவு என்பதைச் சுடரின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை, அந்த நேரத்தில் பூமியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

சுடரோடு ரேடியோ அலைகளும் வெடித்துக் கிளம்பும். 1967 மே 23 அன்று அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் மூன்றும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. அலாஸ்கா, கிரீன்லாந்து, பிரிட்டன் என்று மூன்று இடங்களில் இருந்தவை அவை. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். ரேடாரை வேண்டுமென்றே முடக்குவது போர்ச் செயலாகக் கருதப்படும். சோவியத் வேலை என்று எண்ணி விமானங்களை ஆயத்தப்படுத்தினார்கள். அமெரிக்க விமானப்படையில் சூரியனைக் கண்காணிக்க அப்போதுதான் ஒரு குழு உருவாகியிருந்தது. இது சூரியனின் ரேடியோ வெடிப்பு என்று அவர்கள் சொன்ன தகவல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் விமானங்கள் கிளம்பவில்லை. சூரியனைக் கவனிப்பதற்கு எதற்கு இத்தனை செலவு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான்.

இரண்டாவதாக வருவது துகள்கள். பெரும்பாலும் புரோட்டான்கள். இவற்றில் வேகமானவை ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் பறக்கும். 2005 ஜனவரி 20 அன்று வெடிப்பு நடந்த கால் மணி நேரத்துக்குள்ளேயே பூமியருகே துகள் மழை உச்சத்துக்குப் போய்விட்டது. இவை நேர்கோட்டில் வருவதில்லை. சூரியனிலிருந்து வளைந்து வெளியே நீளும் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. அதனால் சூரியனின் மேற்கு ஓரத்தில் நடக்கும் வெடிப்பு, நம்மை நேராகப் பார்க்கும் இடத்தில் நடப்பதைவிடவும் துகள்களை நம் பக்கம் அதிகமாக அனுப்பக்கூடும். பூமியின் காந்தப்புலம் இவற்றைத் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. எனவே துருவ வழியாகப் பறக்கும் விமானங்களைச் சில சமயம் பாதை மாற்றுவார்கள். செயற்கைக்கோள்களில் நினைவகப் பிழைகள் வரும், சூரியத் தகடுகளின் திறன் குறையும், கேமராக்களில் பனி கொட்டுவது போல் புள்ளிகள் விழும்.

உண்மையான ஆபத்து பூமியின் காந்தப்புலத்துக்கு வெளியே போகும் மனிதர்களுக்குத்தான். 1972 ஆகஸ்ட் தொடக்கத்தில் மிகக் கடுமையான துகள் புயல் வீசியது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, அப்பல்லோ 17 டிசம்பரில்தான் போனது. நடுவே ஆகஸ்டில் யாராவது நிலவின் மேல் விண்வெளி உடையோடு மட்டும் நின்றிருந்தால் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும். மறுபடியும் நிலவுக்கு ஆட்களை அனுப்பத் திட்டமிடும் இந்தக் காலத்தில் அந்த 1972-ஐ மறக்க முடியாது.

மூன்றாவதுதான் பெரிய விஷயம், 2 நாள் கழித்து வருவது. சுடரோடு சேர்ந்து, சில சமயம் சுடர் இல்லாமலும், சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவிலிருந்து நூறு கோடி டன் கணக்கில் வாயு தன் காந்தப்புலத்தோடு பிய்த்துக்கொண்டு கிளம்பும். கரோனா நிறை வெளியேற்றம் என்பார்கள், சுருக்கமாக சி.எம்.இ. வழக்கமாக 1 முதல் 4 நாள், மிக வேகமாக வந்தால் 15 மணி நேரத்திலேயே பூமியை எட்டிவிடும்.

இதில் எக்ஸ் எத்தனை என்பதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. அது நம் பக்கம் வருகிறதா என்பது ஒன்று. எக்ஸ் 20 சுடர் சூரியனின் ஓரத்தில் வெடித்து, மேகம் வேறு பக்கம் போனால் நமக்குக் காந்தப் புயலே, அதாவது பூமியின் காந்தப்புலம் கலங்குவதே, இல்லை. மற்றொன்று, வரும் மேகத்தின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது. பூமியின் காந்தப்புலம் சூரியனை நோக்கிய முன்பக்கத்தில் வடக்கு நோக்கி இருக்கும். வருவதும் வடக்கு நோக்கியே இருந்தால் பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டும் அறுந்து இணைந்து, ஆற்றல் உள்ளே பாயும். சூரியனில் நடந்த அதே மறு இணைப்புதான் இங்கே பூமியின் வாசலிலும் நடக்கிறது. ஆனால் அந்தத் திசை என்ன என்பது மேகம் நம்மை நெருங்கும் வரை சரியாகத் தெரியாது. பயங்கரப் புயல் என்று அறிவித்து ஒன்றுமே இல்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

1859-இல் இவை எதுவும் தெரியாது. செப்டம்பர் 1 அன்று காலை இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்ற வானியலாளர் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, ஒரு புள்ளிக் கூட்டத்தின் மேல் இரண்டு இடங்களில் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி தோன்றியது. 5 நிமிடத்தில் மறைந்துவிட்டது. ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் வேறொரு இடத்திலிருந்து அதையே பார்த்தார். மனிதர்கள் பதிவு செய்த முதல் சூரியச் சுடர் அது. அதே நேரத்தில் லண்டனை அடுத்த கியூ ஆய்வகத்தின் காந்தக் கருவி துள்ளியது. சுமார் 17 மணி நேரம் கழித்துப் பெரும்புயல். வழக்கமாகத் துருவங்களை ஒட்டிய வானத்தில் தெரியும் துருவ ஒளி, கியூபா வரை தெரிந்தது. பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இன்றும் அந்தப் புயலின் அளவைக் கணிக்க உலக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் பதிவுகளில் அது முக்கியமானது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் புயல் உண்டாக்கிய மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி அனுப்பினார்கள்.

சுடர், புயல் ஆகிய இரண்டு நிகழ்வுகளையும் காரிங்டன் அவசரப்பட்டு முடிச்சுப் போடவில்லை. ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்ற எச்சரிக்கை அவருக்கு இருந்தது. 1892-இல் இயற்பியலாளர் லார்டு கெல்வின் இன்னும் ஒரு படி மேலே போய், தொடர்பே இருக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 8 மணி நேரக் காந்தப் புயல் ஒன்றுக்கு, சூரியன் 4 மாதம் வெளியிடும் ஒளி, வெப்ப ஆற்றல் அவ்வளவும் தேவைப்படுமாம். கணக்கில் தவறில்லை. ஆற்றல் எல்லாத் திசையிலும் அலையாகப் பரவுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டதுதான் தவறு. ஒரு பக்கமாக வாயு மேகமே தன் காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு வரும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

தந்திக் கம்பிக்கு நடந்ததுதான் இன்று மின்கம்பிக்கு நடக்கிறது. காந்தப்புலம் வேகமாக மாறும்போது தரைக்குள்ளேயே மின்னழுத்தம் உண்டாகிறது. கடும் புயலில் கிலோமீட்டருக்குச் சில வோல்ட். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் 1,000 கிலோமீட்டர் நீளக் கம்பிக்கு அதைக் கூட்டிப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர்களைத் தரையோடு இணைத்திருக்கும் கம்பி வழியாக அந்த மின்னோட்டம் உள்ளே ஏறுகிறது. டிரான்ஸ்பார்மர் மாறுதிசை மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டது. இதுவோ மிக மெதுவாக மாறும், கிட்டத்தட்ட ஒரே திசை மின்னோட்டம். இரும்பு உள்ளகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து காந்தத்தால் நிறைந்துபோகிறது. இரைச்சல் கூடுகிறது, சூடேறுகிறது, மின்னலையின் வடிவம் கெடுகிறது. வடிவம் கெட்டதைப் பார்த்துப் பாதுகாப்புக் கருவிகள் ஏதோ கோளாறு என்று எண்ணித் துண்டித்துக்கொள்கின்றன.

1989 மார்ச் 13 அதிகாலை கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது அதுதான். மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொள்ள, ஒன்றரை நிமிடத்தில் முழு மின்வலையும் சரிந்தது. 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. அந்தப் பகுதியின் அடியில் இருப்பது மின்னோட்டத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை. தரை வழியாகப் போக முடியாத மின்னோட்டம் கம்பியைத் தேடி வந்தது. நீளமான கம்பிகள், துருவத்துக்கு அருகே இருக்கும் இடம், கடத்தாத பாறை, மூன்றும் ஒன்று சேர்ந்த இடம் கியூபெக். உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆபத்து என்று சொல்வது சரியில்லை. துருவத்திலிருந்து விலக விலக இந்த ஆபத்து பொதுவாகக் குறைகிறது.

மேகம் நம்மைத் தவறவிட்ட கதையும் உண்டு. 2012 ஜூலை 23 அன்று 1859-க்கு நிகராகச் சொல்லத்தக்க சி.எம்.இ. ஒன்று கிளம்பியது. பூமி இருக்கும் பக்கம் வரவில்லை, சூரியனைக் கண்காணிக்கும் ஸ்டீரியோ ஏ விண்கலத்தின் மேல் மோதியது. அதே வெடிப்பு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னால் நடந்திருந்தால் நம்மேல் விழுந்திருக்கும்.

செயற்கைக்கோள்களுக்கு வரும் இன்னொரு தொல்லை பலருக்குத் தெரியாதது. புயலின்போது மேல் வளிமண்டலம் சூடேறி உப்பிக்கொள்கிறது. தாழ்வாகச் சுற்றும் கலங்களுக்குக் காற்று உராய்வு கூடுகிறது. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இப்படித்தான் எரிந்து விழுந்தன. அவற்றை முதலில் 210 கிலோமீட்டர் உயரத்தில் விட்டிருந்தார்கள். அது பெரும்புயல்கூட இல்லை, மிகச் சாதாரணமானது.

ஜிபிஎஸ் சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடந்துதான் வருகிறது. மண்டலம் கலங்கினால் சமிக்ஞை தாமதமாகி, இடம் சில மீட்டர் பிசகும். 2024 மே 10, 11 தேதிகளில் வீசியது 2003-க்குப் பிறகு வந்த முதல் உச்சநிலைப் புயல். ஒரே கரும்புள்ளிக் கூட்டம் அடுத்தடுத்து அனுப்பிய பல சி.எம்.இ.க்கள் சேர்ந்து வந்தன. லடாக்கின் ஹான்லே வானத்தில்கூடச் சிவப்பு ஒளி படம்பிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் சென்டிமீட்டர் துல்லியத்தில் ஜிபிஎஸ்ஸை நம்பி விதைக்கும் டிராக்டர்கள் விதைப்புக் காலத்தின் நடுவே நின்றன. அவ்வளவு பெரிய புயலிலும் பெரும் மின்தடை எதுவும் ஏற்படவில்லை.

அப்புறம் செல்போனும் இணையமும். கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே போகும் அலைகளுக்கு அயனி மண்டலத்தோடு வேலையே இல்லை, அதனால் நேரடியாக ஒன்றும் ஆகாது. கோபுரத்துக்கு மின்சாரம் வராவிட்டாலோ, நேரம் ஒத்துப்போக அது நம்பியிருக்கும் ஜிபிஎஸ் நீண்ட நேரம் தடைப்பட்டாலோ தொல்லை வரலாம். இணையத்தைச் சுமக்கும் கண்ணாடி இழையில் ஒளிதான் போகிறது, காந்தப் புயல் அதைத் தொடாது. கடலடிக் கேபிளில் ஒளியை இடையிடையே பெருக்கும் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கடத்தி ஒன்றும் கூடவே ஓடுகிறது. கவலைப்பட இடமிருக்கும் பகுதி அதுதான். 1989 புயலில் அட்லாண்டிக் கேபிளில் மின்னழுத்தம் ஏறி இறங்கியது பதிவானது, கேபிளோ தொடர்ந்து இயங்கியது. எனவே மாதக்கணக்கில் இணையம் நிற்கும் என்று அடித்துச் சொல்லும் செய்திகளை நான் ஏற்பதில்லை. ஆபத்தே இல்லை என்றும் சொல்லமாட்டேன். விண்வெளித் துகள்கள் வளிமண்டலத்தில் மோதும்போது கார்பன் 14 உண்டாகிறது. கி.பி. 774-775 காலத்து மர வளையங்களில் அது திடீரென்று எகிறியிருப்பதை 2012-இல் ஜப்பானின் ஃபூசா மியாகே குழு கண்டுபிடித்தது. சூரியத் துகள் புயல்தான் காரணம் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அப்படியானால் கருவிகளால் நாம் அளந்திருக்கும் எதையும் விடப் பல மடங்கு பெரியது அது.

முன்னெச்சரிக்கை எவ்வளவு கிடைக்கும்? சுடருக்குக் கிட்டத்தட்ட எதுவும் கிடைக்காது. கரும்புள்ளியின் வடிவத்தைப் பார்த்து, இன்றைக்கு வெடிக்க இத்தனை சதவீத வாய்ப்பு என்று மட்டும் சொல்லலாம். சி.எம்.இ. கிளம்பியதை சோஹோ போன்ற கலங்கள் பார்த்துவிடும், அதிலிருந்து எப்போது வரும் என்று பல மணி நேரப் பிழையோடு கணிக்கலாம். காந்தத் திசை தெரிய, பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 என்ற இடத்தில் இருக்கும் விண்கலங்களை மேகம் கடக்க வேண்டும். 2024 ஜனவரி 6 முதல் இந்தியாவின் ஆதித்யா எல்1 கலமும் அங்கே இருக்கிறது. மேகம் வினாடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அங்கிருந்து 50 நிமிடம் கிடைக்கும், 1,500 கிலோமீட்டர் என்றால் 17 நிமிடம்தான்.

அந்த நிமிடங்களுக்கு மதிப்பு உண்டு. மின்வலையை நடத்துபவர்கள் பராமரிப்பில் இருக்கும் கம்பிகளைத் திரும்ப இணைக்கலாம், உபரி மின்சாரத்தைத் தயாராக வைக்கலாம், பலவீனமான டிரான்ஸ்பார்மர்களின் சுமையைக் குறைக்கலாம். 2024 மே புயலில் நியூசிலாந்தின் டிரான்ஸ்பவர் நிறுவனம் தன் கருவிகளைக் காக்கச் சில மின்வழிகளை முன்கூட்டியே துண்டித்து வைத்தது. அங்கே யாருக்கும் மின்சாரம் தடைப்படவில்லை.